கோவாக் கொத்தும் ஒரு சின்னத் தராசும்

ஒரு கோப்பைச் சோற்றில் 45 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. நம்மில் ஆரும் ஒரு கோப்பையோடு எழும்புவதில்லை. இரண்டு என்று வைத்தால் 90. அதே தட்டின் ஓரத்தில் கிடக்கிற கத்தரிக்காய்ப் பால்கறி, கோவா வறை, பாவற்காய்ச் சம்பல், வல்லாரைச் சம்பல் எல்லாவற்றையும் தராசில் நிறுத்து, வெங்காயத்தையும் தேங்காய்ப்பூவையும் விடாமல் கூட்டிப் பாருங்கள். 20 கிராமைத் தாண்டாது! இந்தக் கணக்கை முதன்முதலாகப் போட்டுப் பார்த்த இரவு சந்தோஷத்தில் எனக்கு நித்திரையே வரவில்லை.

மாவுச்சத்தைக் குறையுங்கோ என்று டொக்டர் சொன்னவுடன் ஊர்ச் சாப்பாட்டுக்கு முழுக்குப் போட்டுவிட்டு, பச்சை இலையையும் அவித்த கோழி நெஞ்சையும் மென்றுகொண்டிருக்க வேண்டும் என்றுதான் ஸ்காபரோவில் எனக்குத் தெரிந்த பலர் நினைக்கிறார்கள். சீனி வருத்தம் இல்லாத வீடு எங்கள் ஆட்களிடையே அருமை. அதனால் இந்தப் பேச்சு எந்தப் பிறந்தநாள் கொண்டாட்டத்திலும் வரும், வந்தவுடன் எல்லோர் முகமும் வாடும். எனக்கு மட்டும் முகம் மலர்கிறது. யாழ்ப்பாணத்துக் குசினியிலிருந்து சோற்றையும் மாவையும் கிழங்கையும் எடுத்துவிட்டால், மிச்சம் நிற்பது உலகத்திலேயே ஆகச் சிறந்த குறைந்த மாவுச்சத்துச் சமையல். கறிகள்தான் சாப்பாடு. சோறு அவற்றைத் தாங்க வந்தது. இதை நான் அடித்துச் சொல்வேன், ஏனென்றால் ஒவ்வொரு நாளும் அதைத்தான் சமைக்கிறேன், ரசித்து ரசித்துச் சாப்பிடுகிறேன்.

கணக்கு ஒன்றும் பெரிய வித்தையில்லை. மொத்த மாவுச்சத்திலிருந்து நார்ச்சத்தைக் கழித்தால், உடம்பில் சீனியாக மாறக்கூடிய பங்கு வரும். கனடாவில் விற்கிற பெட்டி, பேணி அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கிற போசணை அட்டவணையில் மொத்த மாவுச்சத்து ஒரு வரியில் இருக்கும். அதற்குக் கீழே கொஞ்சம் உள்தள்ளி நாரும் சீனியும். மேலே உள்ள எண்ணிலிருந்து நாரைக் கழித்தால் வேலை முடிந்தது. மரக்கறிக்கு அப்படி அட்டவணை ஒட்டி விற்பதில்லையே! அதனால் நூறு கிராமுக்கு எவ்வளவு என்று ஒரு கடதாசியில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். எங்கள் வீட்டில் சாமிப் படத்துக்கு அடுத்தபடியாக நான் அதிகம் பார்ப்பது அதைத்தான்.

அந்தக் கடதாசியில் உள்ளதைச் சொல்கிறேன், எல்லாம் நார் கழித்த கணக்கு. பாவற்காய் 1 கிராமுக்கும் குறைவு. பசளிக்கீரை ஒன்றரைக்குள். முள்ளங்கி 2. தக்காளி, கத்தரிக்காய், கோலிபிளவர் மூன்றும் 3ஐச் சுற்றி. கோவா மூன்றேகால். வெண்டிக்காயும் போஞ்சியும் 4 சொச்சம். முருங்கைக்காய் 5. கரட்டும் பீட்ரூட்டும் 7 கிராமை எட்டப் பார்க்கின்றன. வெங்காயம் ஏழரை. லீக்ஸ் 12! பச்சையாய், இலையாய் இருக்கிறதே என்று கீரைக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. உருளைக்கிழங்கு 15. மரவள்ளிக்கிழங்கு 36. பாவற்காய்க்கும் மரவள்ளிக்கும் இடையில் இவ்வளவு தூரமா என்று நான் அதிசயித்துப் போனேன். இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டுதானே இத்தனை காலமும் கடையிலிருந்து வந்தோம்.

மரக்கறியைப் பச்சையாக, துப்புரவாக்கி வெட்டின பிறகு, அடுப்பில் போட முன்னர் நிறுக்க வேண்டும். வெந்த பிறகு தண்ணீர் வற்றி நிறை மாறிவிடும், கணக்குக் குழம்பும். பிறகு சட்டிக்குள் போகிற ஒவ்வொன்றையும் கூட்டி, எத்தனை பேருக்கோ அத்தனையால் பிரித்துவிட்டால் போதும். நம் சமையலில் சத்தமில்லாமல் மாவுச்சத்தைக் கூட்டுவது வெங்காயமும் பழப்புளியும்தான். அதற்காக அவற்றை விலக்க வேண்டியதில்லை. நான்கு பேருக்குச் சமைக்கிற சட்டியில் 200 கிராம் வெங்காயம் போட்டாலும் ஆளுக்கு 4 கிராம் கூட வராது. பழப்புளி விடுகிற இடத்தில் பலவேளை நான் தேசிக்காய் பிழிகிறேன், கறி இன்னும் தெளிவாக ருசிக்கிறது. பருப்பை மட்டும் கரண்டி பார்த்துத்தான் போட்டுக்கொள்வேன். வெந்த பருப்பு நூறு கிராமில் நார் போக 12 கிராம்.

இந்தக் கணக்கை ரொறன்ரோவில் இருந்துகொண்டு போடுவதில் எனக்குத் தனிப் பெருமை. இன்சுலின் பிறந்த நகரம் இது. 1922 ஜனவரி 11 அன்று ரொறன்ரோ பொது மருத்துவமனையில் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட்டார்கள். அது சரிவரவில்லை. கொலிப் என்ற விஞ்ஞானி மருந்தை இன்னும் சுத்திகரித்துக் கொடுக்க, 23ஆம் தேதி போட்ட ஊசிதான் பையனைக் காப்பாற்றியது. அதற்கு முன்னர் சீனி வருத்தத்துக்கு இருந்த சிகிச்சை கிட்டத்தட்டப் பட்டினிதான். அமெரிக்காவில் ஃபிரெடரிக் அலன் என்ற மருத்துவரின் முறைப்படி மரக்கறியை மூன்று தரம் அவித்து, மூன்று தரமும் தண்ணீரை ஊற்றிவிட்டு, மாவுச்சத்துக் கழன்றுபோன சக்கையை நோயாளிக்குக் கொடுப்பார்கள். அமெரிக்க வெளியுறவு அமைச்சரின் மகள் எலிசபெத் ஹியூஸ் அந்தச் சிகிச்சையில் எலும்பும் தோலுமாகி, 1922 ஆகஸ்டில் ரொறன்ரோவுக்கு வந்து, இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பான்டிங்கிடம் ஊசி போட்டுக்கொண்டார். அதன் பிறகு 1981 வரை வாழ்ந்தார். மூன்று தரம் அவித்த கோவாவைத் தின்ற அந்தச் சிறுமியை நினைத்தால் மனம் கரைகிறது. அவளுக்கு ஒரு கோவா வறை செய்து கொடுத்திருக்கலாமே என்று கூட எனக்குத் தோன்றும். கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் அதன் ஈரத்திலேயே பதமாக வேகவைத்துத் தேங்காய்ப்பூ தூவி!

எந்தச் சாப்பாடு இரத்தத்தில் சீனியை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்று எல்லோரும் பேசுகிறார்களே, அந்தக் கிளைசீமிக் குறியீடும் இங்கேதான் பிறந்தது. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸ், தோமஸ் வோலெவர் முதலியோர் 62 உணவுகளைச் சோதித்து 1981இல் வெளியிட்டார்கள். இதே ஜென்கின்ஸ் 2003இல் கொலஸ்ரரோலைக் குறைக்கும் ஒரு சாப்பாட்டு முறையைச் சோதித்தபோது, அதில் எந்த மரக்கறிகளுக்கு முக்கிய இடம் கொடுத்தார் தெரியுமா? வெண்டிக்காய்க்கும் கத்தரிக்காய்க்கும்! வெண்டிக்காயின் அந்த வழுவழுப்பு நார்தான் காரணம். அதை வாசித்த அன்று கடைக்கு ஓடிப்போய் இரண்டு இறாத்தல் வெண்டிக்காய் வாங்கி வந்தேன். 2009இல் அவருடைய குழு இறைச்சியே இல்லாமல், மரக்கறி, சோயா, கொட்டைகள், எண்ணெய் வைத்து ஒரு குறைந்த மாவுச்சத்துச் சாப்பாட்டைச் சோதித்தது. எடையும் இறங்கியது, கெட்ட கொலஸ்ரரோலும் இறங்கியது. தமிழில் நியாண்டர் செல்வனின் ‘பேலியோ டயட்’ வாசித்துவிட்டு மாறியவர்கள் பலர் உண்டு, அவர்கள் தட்டில் இறைச்சியும் முட்டையும் பாதாமும் முன்னுக்கு நிற்கும். நான் மரக்கறியை முன்னுக்கு வைக்கிற ஆள்.

மரக்கறியை முன்னுக்கு வைக்கிற ஆளுக்கு ஸ்காபரோவை விட்டால் வேறு சொர்க்கம் ஏது? லோரன்ஸ், மார்க்கம் ரோட், எக்ளின்ரன், ஷெப்பர்ட் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு தமிழ்க் கடை, ஒரு சீனக் கடை, ஒரு கரீபியன் கடை, ஒரு பிலிப்பினோ கடை. எங்கள் கடையில் முருங்கைக்காய், புடலங்காய், வாழைப்பூ, வல்லாரை, பொன்னாங்காணி. சீனக் கடையில் கங்குன் கட்டுக் கட்டாக, வெள்ளை முள்ளங்கி கை நீளத்துக்கு, நீற்றுப்பூசணி கீறு கீறாக. ஜமேய்க்கன் கடையில் கலலூ என்று விற்கிற கீரை நம் தண்டுக்கீரையின் சொந்தக்காரன். உள்ளியும் பச்சை மிளகாயும் போட்டு அவித்துக் கடைந்து, கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டு, இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளி விட்டால் ஊர்க்கீரைதான். பிலிப்பினோக்கள் முருங்கையிலையை உறைய வைத்து விற்கிறார்கள், நடு மாசியிலும் வறை வறுக்கலாம். எக்ளின்ரனில் இருக்கிற அல் பிரீமியத்துக்குள் போனால் எனக்கு நேரம் போவதே தெரியாது. என் கணவர் காருக்குள் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருப்பார்.

கோடையில் கடைக்கே போகத் தேவையில்லை. பங்குனியில் ஜன்னலோரம் விதை போட்டு, விக்டோரியா டே கழிந்து பனிப் பயம் போன பிறகு வெளியில் நட்டால், ஆவணியில் பின்வளவு முழுக்கக் கத்தரி, வெண்டி, பயற்றை, பந்தலில் பாவல். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பந்தல். நயாகராப் பக்கம் வைன்லாந்து ஆய்வு நிலையம் ஒன்ராறியோ மண்ணில் நீளக் கத்தரிக்காயும் வெண்டிக்காயும் பயிரிட வழி பார்த்திருக்கிறது என்று அறிந்தபோது, யாரோ எங்கள் குசினியை நினைத்து வேலை செய்திருக்கிறார்கள் என்று ஆனந்தமாக இருந்தது. குளிர்காலத்தில் கோலிபிளவர் விலை ஏறும். 2016 தொடக்கத்தில் ஒன்று 8 டொலருக்குப் போனதை இங்கே ஆரும் மறக்கவில்லை. அந்த நேரங்களில் கைவிடாதது கோவா. ஒன்ராறியோக் கோவா குளிர்காலம் முழுக்கக் கிடைக்கும், மலிவு, ஃபிரிட்ஜில் வாரக்கணக்கில் கிடக்கும்.

அந்தக் கோவாவில் கொத்துப் போடலாம் என்பது என் வாழ்க்கையின் பெரிய கண்டுபிடிப்பு. கடைக் கொத்து ரொட்டியில் ரொட்டி முழுக்கக் கோதுமை மா. 100 கிராம் கோதுமை மாவில் 75 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. நான் செய்வதைக் கேளுங்கள். கோவாவை ரொட்டித் துண்டு மாதிரி விரல் அகலத்துக்கு நறுக்குங்கள், மெல்லிசாக வேண்டாம். இரும்புத் தாச்சியை நன்றாகச் சூடாக்கி, எண்ணெயில் பெருஞ்சீரகம், கறிவேப்பிலை, இஞ்சி, உள்ளி, வெங்காயம், பச்சை மிளகாய் வதக்குங்கள். முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறி ஒதுக்கிவிட்டு, அடுப்பை உச்சத்தில் வைத்துக் கோவாவைக் கொட்டுங்கள். உப்பை இப்போது போடக் கூடாது, போட்டால் தண்ணீர் விடும். மூன்று நிமிடம் போதும், கடிபட வேண்டும். அதன் மேல் இரண்டு கரண்டி காளான் பிரட்டல். ஆட்டுக்கறிக் குழம்பு இருந்தால் இன்னும் விசேஷம். இப்போது உப்பு, மிளகு போட்டு இரண்டு தட்டகப்பையால் டக்கு டக்கென்று கொத்தி எடுங்கள். அந்த மணம்! பிள்ளைகள் மாடியிலிருந்து தானாக இறங்கி வருவார்கள். அரைக் கிலோக் கோவா, 100 கிராம் வெங்காயம், நாலு முட்டை எல்லாம் சேர்த்து 27 கிராம். மூன்று பேர் வயிறாரச் சாப்பிட ஆளுக்கு 9. வெள்ளிக்கிழமை இரவு எங்கள் வீட்டில் வேறொன்றும் சமைக்கிறதில்லை.

கோலிபிளவர் புட்டு அடுத்தது. கோலிபிளவரைத் துருவி, உப்புப் பிரட்டிக் கொஞ்ச நேரம் வைத்து, துணியில் கட்டி இறுக்கிப் பிழிந்துவிட வேண்டும். பிழிவதில்தான் எல்லாம் இருக்கிறது. ஈரம் நின்றால் களி, ஈரம் போனால் உதிரி. 400 கிராமுக்கு இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் மா, ஒரு பிடி தேங்காய்ப்பூ சேர்த்து விரலால் உதிர்த்து, நீத்துப்பெட்டியில் போட்டு ஆவி வந்த பிறகு எட்டு நிமிடம். நீத்துப்பெட்டி இல்லையென்றால் ஸ்ரீமரிலும் அவிக்கலாம். ஆனால் பனையோலை மணம் வேண்டுமென்றால் பெட்டிதான், எங்கள் கடைகளில் வாங்கலாம். கொட்டும்போது பொலபொலவென்று உதிரும். இருவருக்கு மொத்தம் 20 கிராமுக்குள். கத்தரிக்காயைப் பொரிப்பதற்குப் பதில் எண்ணெய் பூசி அவனில் சுட்டு எடுத்து, கட்டிப்பால் விட்டு வைத்த குழம்பும் ஒரு கட்டைச் சம்பலும் சேர்த்தால் காலைச் சாப்பாடு ராஜபோகம். பச்சையரிசி மாப் புட்டின் ருசி இதில் வராது. இது தன் ருசியில் தானே நிற்கிற சாப்பாடு, அதுதான் எனக்கு இன்னும் பிடித்தது.

பாவற்காய்ச் சம்பலைப் பற்றி நாள் முழுக்கப் பேசுவேன். மெல்லிய வட்டமாக வெட்டி, மொறுமொறுவென்று பொரித்து, வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ, தேசிக்காய்ப் புளியோடு பிசைந்தால், அதில் மாவுச்சத்து வருவதே வெங்காயத்திலும் தேங்காய்ப்பூவிலும்தான். பாவற்காய் கணக்கிலேயே வராது! கசப்பு வேண்டாம் என்பவர்களுக்கு என் பரிந்துரை புடலங்காய் வறை.

இதெல்லாம் நாக்குக்கு. சீனி பார்க்கிற மெசினும் சாட்சி சொல்கிறது. கனடாவில் சீனியை மில்லிமோலில் பார்ப்போம் (சென்னையில் இருக்கிற சொந்தக்காரருக்குச் சொல்லும்போது 18ஆல் பெருக்கிச் சொல்ல வேண்டும்). சோற்றுச் சாப்பாட்டுக்கு இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு எனக்கு 11, 12 என்று ஏறிக்கொண்டிருந்தது, இப்போது 7ஐ ஒட்டி நிற்கிறது. மத்தியானம் சாப்பிட்ட பிறகு வேலையிடத்தில் கண் சொருகுமே, அந்தத் தூக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும், சந்தோஷத்தில் இதை விட்டுவிடக் கூடாது. குறைந்த மாவுச்சத்துச் சாப்பாடு நீரிழிவுள்ள வளர்ந்தவர்களுக்கு ஒரு நல்ல வழியாக இருக்கலாம் என்று டயபிற்றிஸ் கனடா 2020இல் அறிக்கை விட்டது. நாளுக்கு 130 கிராமுக்குக் குறைந்தால் அது குறைந்த மாவுச்சத்து, 50க்கும் கீழே போனால் மிகக் குறைந்தது. ஆனால் டொக்டரோடு பேசி, கண்காணிப்போடு என்பதையும் சேர்த்துத்தான் சொன்னது. இன்சுலினோ கிளிக்லசைட் போன்ற குளிசையோ எடுப்பவர்கள், மருந்தைக் குறைக்காமல் சோற்றை மட்டும் குறைத்தால் சீனி ஒரேயடியாக இறங்கி மயங்கிவிடக்கூடும். சிறுநீரில் சீனியை வெளியேற்றுகிற புதிய குளிசைகள் எடுப்பவர்களுக்கு வேறு ஆபத்து உண்டு. கர்ப்பிணிகள், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் தாங்களாக ஒன்றும் தொடங்கக் கூடாது. நான் என் டொக்டரிடம் கேட்டு, மருந்தை அவர் மாற்றிய பிறகுதான் தொடங்கினேன். தெரிந்த ஆட்கள் ஆர் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன், பிறகுதான் புட்டு.

மாமிக்குத்தான் முதலில் மனம் ஒப்பவில்லை. “பிள்ளை, சோறு வைக்காமல் ஆருக்கு வயிறு நிறையும்? கறியை மட்டும் வைச்சு ஆரும் சாப்பிடுவினமே?” என்றா. 

“மாமி, ஒருக்கா வாயில வைச்சுப் பாருங்கோ. பிடிக்காட்டி உங்களுக்குச் சோறு போட்டுத் தாறன்.”

கோலிபிளவர் புட்டும் முருங்கைக்காய்ப் பால்கறியும் வல்லாரைச் சம்பலும். மாமி ஒன்றும் பேசாமல் சாப்பிட்டா. கொஞ்ச நேரத்தில் தட்டை நீட்டி, “இன்னும் ஒரு பிடி போடு. உது என்ன மா?” என்றா. கோலிபிளவர் என்று சொன்னபோது அவவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! இப்போது தராசைக் கையில் எடுப்பவவே அவதான். “போஞ்சி 300 கிராம் கிடக்கு, எழுது பிள்ளை” என்று குசினியிலிருந்து சத்தம் வரும். மாமியின் குளிசைகளையும் அவவின் டொக்டர் பார்த்து மாற்றியிருக்கிறார்.

மண்டபக் கொண்டாட்டங்களுக்குப் போவதையும் நான் நிறுத்தவில்லை. வரிசையில் முதலில் வருகிற ஃபிரைட் ரைஸையும் இடியப்பத்தையும் கடந்து போய், கத்தரிக்காய், போஞ்சி, கீரை, ஆட்டுக்கறி என்று தட்டை நிறைத்துக்கொண்டு வருவேன். மேசையில் பக்கத்தில் இருக்கிற அக்கா கேட்பா, “என்ன, சோறு முடிஞ்சுதோ?” என்று. அவ்வளவுதான், அங்கேயே கணக்குத் தொடங்கிவிடும். எழும்ப முன்னர் கோவாக் கொத்தின் செய்முறையை ஆரோ ஒருவர் போனில் பதிந்திருப்பார்.

மாமி இந்தச் சந்தோஷத்தைக் கோயிலுக்கும் கொண்டுபோய்விட்டா. வாற சனிக்கிழமை அவவின் சிநேகிதிகள் கோலிபிளவர் புட்டுப் பழக வீட்டுக்கு வருகிறார்கள். ஆளாளுக்குப் பிழிய வெள்ளைத் துணி எடுத்து வைத்தாச்சு. நீத்துப்பெட்டி இன்னும் இரண்டு வாங்க வேண்டும், மார்க்கம் ரோட்டுக் கடைக்காரத் தம்பி எடுத்து வைக்கிறன் அக்கா என்று சொல்லியிருக்கிறார்.